வழி கேட்பதும் வழி விடுவதும்

சென்ற தை மாதத்தில் செஞ்சிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் உறவினர் இல்லத் திருமணம். திருமணத் திருப்பலி காலை பத்து மணிக்கு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எட்டு மணிக்குப் புறப்பட வேண்டிய எங்கள் வாடகை வேன், நம் இல்லங்களில் வழக்கமாக நேரும் காரணங்களால் (பூ வந்து சேரவில்லை, குழந்தையின் ஒற்றைச் செருப்பைக் காணவில்லை) ஒன்பது மணிக்குத்தான் நகர்ந்தது.

கீழ்பென்னாத்தூரைத் தாண்டியதும் ஒரு டிராக்டரின் பின்னால் அகப்பட்டுக்கொண்டோம். இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்பு. இரு புறமும் தோகை பிதுங்கி நின்றதால் முன்னே என்ன வருகிறதென்று எவருக்கும் தெரியவில்லை. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இராது. எங்கள் ஓட்டுநர் இளைஞர், பொறுமைசாலி. ஏழெட்டு நிமிஷம் ஒன்றும் பேசாமல் பின்தொடர்ந்தார். பொறுமை இழந்தவர்கள் நாங்கள்தாம். பின் இருக்கையிலிருந்து பெரியம்மா, "தம்பி, பூசை ஆரம்பிச்சிடுவாங்கப்பா. தாண்டிப் போயிடேன்" என்றார். "முன்னாடி தெரியலீங்கம்மா, வளைவு வருது" என்றார் அவர். நாம் வாய் திறந்து அவரை அவசரப்படுத்தவில்லை; ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி ஒன்பதரை ஆகிவிட்டது" என்று உரக்கச் சொன்னோம். அது எவருக்காகச் சொல்லப்பட்டது என்பது வேனில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் விளங்கிற்று.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார், வலப்புறம் ஏறினார். இரண்டாவது டிரெய்லரின் பாதியளவுக்கு வந்திருப்போம். வளைவிலிருந்து பேருந்து ஒன்று வெளிப்பட்டது.

நாங்கள் உயிரோடு இருப்பது எங்கள் சாமர்த்தியத்தால் அன்று. டிராக்டரை ஓட்டிய பையன் கணமும் தாமதியாமல் இடப்புறம் மண்ணில் இறக்கிப் பிரேக் போட்டான். பேருந்து ஓட்டுநர் தம் பக்கத்து மண்ணில் இறக்கினார். அவ்விருவரும் விட்டுக்கொடுத்த இடைவெளியில் எங்கள் வேன் புகுந்து வெளியேறிற்று. கரும்புச் சோகை கண்ணாடிகளின்மேல் சரசரவென்று உரசிச் சென்ற ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

சிறிது தூரம் சென்று ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பாட்டிலைப் பிடித்திருந்த கை நடுங்கிற்று. பெரியம்மா கழுத்துச் செபமாலையைப் பிடித்தபடி, "என்னப்பா இப்படி ஓட்டுறே, புள்ளைங்க இருக்கிற வண்டியிலே?" என்று கடிந்துகொண்டார். "நீங்கதானேம்மா..." என்று தொடங்கிய அவர் அதற்குமேல் சொல்லவில்லை.

ஆலயத்தை அடைந்தபோது மணி பத்தே கால். திருப்பலி தொடங்கியிருக்கவில்லை. மணப்பெண்ணின் வண்டியே இன்னும் வந்து சேரவில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பின்பு, மெதுவாகச் செல்லும் வண்டியை முந்திச் செல்வது பற்றிச் சட்டம் என்ன கூறுகிறது, சாலையில் பழகிய மரியாதை என்ன கூறுகிறது என்பதைத் தேடிப் படித்தோம்; லாரி, பேருந்து ஓட்டும் சிலரையும் கேட்டறிந்தோம். வாசக அன்பர்களில் பலர் வண்டி ஓட்டுவோர். ஓட்டாதோர் வண்டியில் அமர்வோர். இரு சாராருக்கும் பயன்படும் என்று அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் சாலையைப் பற்றி. எங்கள் ஊர் பல சாலைகள் கூடும் ஊர். வேலூர், செங்கம், திருக்கோவலூர், வேட்டவலம், அவலூர்ப்பேட்டை, தண்டராம்பட்டு எனத் திசைக்கொரு சாலை பிரிகிறது. இவற்றுள் கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, முன்பு 66 என்ற எண்ணையும் இப்போது 77 என்ற எண்ணையும் உடையது. பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் உல்லாசக் கார், தீபத்திற்கு வரும் பக்தர்களின் பேருந்து, சந்தைக்கு நெல்லும் மணிலாக் கொட்டையும் ஏற்றிய டிராக்டர், மாட்டு வண்டி, ஆட்டு மந்தை யாவும் இந்த ஒரே சாலையில்தான் செல்ல வேண்டும். விரிவாக்கப்பட்ட பின்னும் இதன் பெரும்பகுதி போக ஒன்று, வர ஒன்று என்ற இரு தடச் சாலையே. நடுவே தடுப்புச் சுவர் இல்லை. முந்துபவர் எதிரே வருபவருக்கு உரிய இடத்தைச் சில விநாடிகள் இரவல் வாங்கியே முந்த வேண்டும். நான்குவழிச் சாலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் செங்கம் அருகே, பத்து நாள் இடைவெளிக்குள் இரு விபத்துகள் நிகழ்ந்தன. முதலாவதில் காரும் லாரியும் மோதி ஏழு பேர் மாண்டனர். இரண்டாவதில் காரும் அரசுப் பேருந்தும் மோதி மேலும் ஏழு பேர். கோயிலுக்கு வந்து திரும்பிய குடும்பத்தாரும், பிழைப்புக்காக வடகிழக்கிலிருந்து வந்த தொழிலாளரும் அவர்களுள் அடங்குவர். ஒவ்வொரு விபத்துக்கும் தனிக் காரணம் உண்டு. ஆயினும் நடுத்தடுப்பு இல்லாத சாலையில் ஒரு வண்டி தன் பக்கத்தை விட்டு விலகினால் விளைவது என்ன என்பதை அந்த மாதம் எங்கள் மாவட்டம் கண்கூடாகக் கண்டது. 2022-ஆம் ஆண்டில் இந்திய நாடெங்கும் சாலை விபத்துகளில் மடிந்தோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கே: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

இனிச் சிறிது கணக்கு. பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே போட்டுக் காட்டுவர். லாரி ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. நாம் 70-இல் முந்துகிறோம். லாரிக்குப் பின்னே 20 மீட்டர் தள்ளித் தொடங்கி, 10 மீட்டர் நீளமுள்ள லாரியைக் கடந்து, அதற்கு முன்னே 20 மீட்டர் தள்ளி மீண்டும் இடப்புறம் சேர வேண்டும். நம் காரின் நீளம் 4 மீட்டர். ஆகக் கூடுதலாகக் கடக்க வேண்டியது 54 மீட்டர். வேக வேறுபாடு மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். ஏறத்தாழ பத்து விநாடி பிடிக்கிறது. அந்தப் பத்து விநாடியில் நாம் ஓடும் தூரம் 194 மீட்டர். எதிரே 60-இல் வரும் பேருந்து அதே பத்து விநாடியில் 167 மீட்டர் நம்மை நோக்கி வந்துவிடுகிறது. இரண்டையும் கூட்டினால் 361 மீட்டர். பழைய அளவில் இரண்டு பர்லாங்குக்குச் சற்றே குறைவு. மயிரிழையில் தப்புவதற்கே இவ்வளவு. எச்சரிக்கைக்கு இடம் விட வேண்டுமானால் இரண்டு பர்லாங்குக்கு மேல் சாலை வெறுமையாகத் தெரிய வேண்டும். எங்கள் செஞ்சிச் சாலையில் அவ்வளவு தூரம் நேராகத் தெரியும் இடங்கள் உண்டு. அன்று நாங்கள் முந்திய இடம் அவற்றுள் ஒன்றன்று.

மறுபக்கக் கணக்கையும் பார்த்துவிடலாம். 60-இல் செல்ல எண்ணும் ஒருவர், 40-இல் செல்லும் லாரியின் பின்னால் ஐந்து கிலோமீட்டர் பொறுத்துச் சென்றால் அவருக்கு நேரும் நஷ்டம் இரண்டரை நிமிஷம். செருப்பைத் தேடிய நேரத்தில் இது கால்வாசிகூட இல்லை.

சட்டத்திற்கு வருவோம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திற்குப் பதிலாக 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அது 1989 ஜூலை முதல் நாள் நடைமுறையாயிற்று. அதே ஆண்டில் சாலை விதிகளும் வகுக்கப்பெற்றன. அவ்விதிகளின் இடத்தில் 2017 ஜூனில் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகள் அறிவிக்கப்பட்டன. அடிப்படை மாறவில்லை. இடப்பக்கமாகச் செல்ல வேண்டும். வலப்பக்கமாக முந்த வேண்டும். வளைவு, மேடு, குறுகிய பாலம், சந்திப்பு ஆகிய இடங்களிலும், முன்னே உள்ள சாலை தெளிவாகத் தெரியாத எவ்விடத்திலும் முந்தலாகாது. நமக்குப் பின்னே வருபவர் முந்தத் தொடங்கிவிட்டாரெனின் நாம் முந்தலாகாது. முன்னே செல்பவர் வேறொரு வண்டியை முந்தச் சைகை காட்டியிருப்பினும் பொறுத்திருக்க வேண்டும். இடப்புறமாகக் கடப்பதற்குப் பழைய விதி சொன்ன விலக்கு ஒன்றே: முன்னவர் வலப்புறம் திரும்பப் போவதாகச் சைகை காட்டிச் சாலையின் நடுவுக்கு வந்துவிட்டால், அவரை இடப்புறமாகக் கடக்கலாம்.

இவையெல்லாம் ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது படித்தவையே என்று அன்பர்கள் கூறலாம். ஆனால் நாம் மறந்துவிட்ட விதி ஒன்று உண்டு. முந்தப்படுகிறவர், பிறர் தம்மைக் கடந்து செல்லும்போது தம் வேகத்தைக் கூட்டலாகாது. எவ்வகையிலும் அவரைத் தடுக்கலாகாது. முந்துகிறவரை மட்டுமன்று, முந்தப்படுகிறவரையும் சட்டம் கட்டுகிறது. எத்தனை முறை பார்க்கிறோம்! அதுவரை ஆடி அசைந்து சென்றுகொண்டிருந்த கார், நாம் பக்கத்தில் வந்தவுடன் ரோஷம் கொண்டு பறக்கிறது. எதிர்ப்பக்கத்தில் சிக்கி நிற்பவரின் வண்டியில் அவருடைய மனைவி மக்கள் இருக்கின்றனர் என்ற நினைவு அக்கணத்தில் இருப்பதில்லை. நேரம் தவறக்கூடாதென்று ஒரே வழித்தடத்தில் போட்டியிட்டு ஓடும் பேருந்துகளிடையேயும் இதைக் காண்கிறோம். முந்தியவரை ஏசுகிறோம், முந்தவிடாமல் முடுக்கியவரை ஏசுவாரில்லை.

நடுக்கோட்டின் பொருளையும் பலர் அறியார். விட்டு விட்டு வரைந்த கோடாயின், வழி வெறுமையாக இருப்பின் கடந்து முந்தலாம். இடைவிடாத கோடாயின் கடக்கலாகாது. இரண்டு கோடுகள் அடுத்தடுத்து இருந்து ஒன்று விட்டும் மற்றொன்று விடாமலும் இருப்பின், நம் பக்கத்தில் உள்ள கோட்டுக்கே நாம் கட்டுப்பட வேண்டும். இக்கோடுகள் எங்கள் பக்கத்துச் சாலைகளில் எல்லா இடத்திலும் அழியாமல் தெரிகின்றன என்று சொல்ல மாட்டோம். கோடு அழிந்த இடத்தில் கண்ணும் மனமும்தான் கோடு.

தண்டனை பற்றியும் சொல்ல வேண்டும். 2019-இல் திருத்தப்பட்டு அவ்வாண்டு செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், விதிக்கு மாறாக முந்திச் செல்வதை அபாயகரமாக ஓட்டுதல் என்ற குற்றத்தில் வெளிப்படையாகச் சேர்த்தது. 184-ஆம் பிரிவு அது. முதன்முறை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுமுறை செய்தால் ஈராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். செல்லிடப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டுவதும், எதிர்த்திசையில் ஓட்டுவதும் அதே பிரிவில் வருகின்றன. அவ்வளவு கடுமையற்ற மீறல்களுக்கு 177-அ பிரிவின்கீழ் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆனால் எல்லா வளைவிலும் காவலர் நிற்க இயலாது. சட்டம் எட்டாத இடத்தில் ஓட்டுநர்களுக்குள் ஒரு பேச்சு மொழி இருந்தது. அது குழம்பிப் போனதுதான், நாம் விசாரித்தவரையில், இன்றைய பெருங்கேடு.

பழைய லாரி ஓட்டுநர்களை நினைத்துப் பார்க்கிறோம். பின்னே வண்டி வந்து ஹாரன் அடித்தால் அவர்கள் முதலில் முன்னே பார்ப்பார்கள். சாலை வெறுமையாக இருந்தால் வலக்கையை வெளியே நீட்டி முன்னும் பின்னுமாக அரைவட்டமாக வீசுவார்கள். "போகலாம்" என்று பொருள். இது ஏதோ வழிப்போக்கான பழக்கமன்று. சட்டமே எழுதி வைத்திருந்த சைகை. முன்னவர் சைகை காட்டாத வரையில் முந்தலாகாதென்றே 1989-ஆம் ஆண்டு விதி கூறிற்று. முந்துகிறவருக்குத் தெரியாத முன்வழி, உயரத்தில் அமர்ந்த லாரிக்காரருக்குத் தெரியும். தமக்குத் தெரிந்ததை அவர் இவருக்குக் கடன் கொடுத்தார். கடந்து செல்பவர் ஒருமுறை மெல்ல ஹாரன் அடித்து நன்றி தெரிவித்தார்.

பிறகு குளிர்சாதன வண்டிகள் வந்தன, கண்ணாடிகள் மூடப்பட்டன, கை வெளியே வரவில்லை. கையின் வேலையை வலப்புற இண்டிகேட்டர் ஏற்றுக்கொண்டது. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. வலப்புற இண்டிகேட்டருக்குச் சட்டத்தில் உள்ள பொருள், "நான் வலப்புறம் திரும்பப் போகிறேன்" அல்லது "வலப்புறம் விலகப் போகிறேன்" என்பதே. சாலையில் அதற்கு இன்னும் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. "வலப்புறமாகத் தாண்டிப் போ" என்று சிலர் போடுகின்றனர். "எதிரே வண்டி வருகிறது, வராதே" என்று வேறு சிலர் போடுகின்றனர். ஒரே விளக்கு, ஒன்றுக்கொன்று நேர்மாறான பொருள்கள். போகச் சொல்கிறார் என்று எண்ணி முந்துபவரின் முன்னே, அந்த லாரி உண்மையாகவே வலப்புறம் பெட்ரோல் நிலையத்துக்குத் திரும்பினால் என்ன ஆகும்?

முகப்பு விளக்கை விட்டு விட்டு எரிப்பதும் அவ்வாறே. நம் ஊர்ச் சாலைகளில் எதிரே வருபவர் விளக்கடித்தால், "நான் நிற்க மாட்டேன், நீ ஒதுங்கு" என்று கொள்ளுகிறோம். மேல்நாடுகளில் பல ஓட்டுநர்கள் அதையே "நீங்கள் முதலில் போங்கள்" என்ற பொருளில் பயன்படுத்துகின்றனர். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து வாடகைக் கார் ஓட்டும் நம் பிள்ளைகள் இதை நினைவில் கொள்ளுவது உயிருக்கு நல்லது. ஆகவே அனுபவசாலிகள் எமக்குச் சொன்ன அறிவுரை இது: பிறருடைய விளக்கையும் கையையும் ஒரு தகவலாக மட்டும் கொள்ளுங்கள், அனுமதியாகக் கொள்ளாதீர்கள். உங்கள் கண்ணுக்குச் சாலை தெரியாத வரையில் எவர் கை காட்டினாலும் முந்தாதீர்கள். 2017-ஆம் ஆண்டு விதிகளும், வழி தெளிவாகத் தெரிகிறதா என்று உறுதி செய்யும் பொறுப்பை முந்துகிறவர்மீதே சுமத்துகின்றன.

ஹாரனைப் பற்றி ஒரு சொல். லாரிகளின் பின்புறத்தில் "ஒலி எழுப்புக" என்று எழுதி வைப்பது நம் நாட்டு வழக்கம். வழி கேட்பதற்கு அது வேண்டும். ஆனால் கேட்ட பிறகும் விடாமல் அலறுவது வழி கேட்பதாகாது, விரட்டுவதாகும். விரட்டப்பட்டவர் பதற்றத்தில் இடப்புறம் ஒதுங்குவார். அங்கே மிதிவண்டியில் செல்பவர் இருப்பார். மகாராஷ்டிர அரசு 2015-இல், ஹாரன் அடிக்கச் சொல்லும் வாசகத்தை வண்டிகளின் பின்னால் எழுதலாகாதென்று தடை விதித்ததை இங்கு நினைவுகூரலாம்.

இடப்புறமாகப் புகுந்து முந்தும் இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு, குறிப்பாக நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, ஒன்று சொல்ல விரும்புகிறோம். செங்கம் சாலையில் நகரப் பேருந்து நிற்கிறது. கூடையைத் தலையில் வைத்தபடி ஒரு பாட்டி இடப்புறப் படியில் இறங்குகிறார். அவர் கண் படியின்மேல் இருக்கிறது. பேருந்துக்கும் சாலை ஓரத்துக்கும் இடையே உள்ள மூன்றடி இடைவெளியில் மோட்டார் சைக்கிள் ஒன்று பாய்கிறது. அந்த இடைவெளி அந்தப் பாட்டிக்கு உரியது. வாரந்தோறும் ஏதேனும் ஒரு நிறுத்தத்தில் இது நடக்கிறது. பெரும்பாலும் கூடை மட்டும் கவிழ்வதால் செய்தித்தாளில் வருவதில்லை.

ஆகஸ்ட் மாத இறுதியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் மக்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி சாலையின் வலப்புறமாக நடப்பது நலமென்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சரியான அறிவுரையே. ஆனால் இரு தடச் சாலையில், முந்துகிற வண்டி அந்த வலப்பக்கத்துக்கே ஏறி, நடப்பவர்களின் முதுகுப்புறமாக வருகிறது. எதிரே மட்டும் பார்த்து நடப்பவர் அதை எதிர்பார்ப்பதில்லை. எனவே நடப்போர் தார்ச்சாலையை விட்டு மண் ஓரத்தில், ஒருவர் பின் ஒருவராக, இருட்டில் கைவிளக்குடன் செல்ல வேண்டும். முந்துவோர், வலப்பக்க ஓரத்தில் ஆட்கள் நடக்கும் இடத்தை வண்டி வரும் இடமாகவே கருதிப் பொறுத்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பௌர்ணமிதோறும் பல்லாயிரக்கணக்கான இந்து அன்பர்கள் அண்ணாமலையை வலம் வருகின்றனர். பாதை 14 கிலோமீட்டர். அவர்கள் சாலையின் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும் என்பது மரபு. மலையை ஒட்டிய வலப்பக்கத்தில் கண்ணுக்குப் புலனாகாத சித்தர்களும் தேவர்களும் வலம் வருகின்றனர், அவர்களுக்கு வழி விட வேண்டும் என்பது நம்பிக்கை. நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் நிதானமாக நடக்க வேண்டும் என்றும் பெரியவர்கள் கூறுவர். அவ்விரவுகளில் வாசலில் நின்று பார்த்திருக்கிறோம். முதியவரை இளைஞர் கடந்து செல்லுகின்றனர், குழந்தையைத் தோளில் சுமந்தவர் பின்தங்குகிறார், தள்ளுமுள்ளு அரிது. மறுநாள் காலையில் அதே மக்கள் ஊர் திரும்பும் கார்களும் வேன்களும் செங்கம் சாலையில் ஒன்றையொன்று முட்டித் தள்ளாத குறையாக முந்துவதையும் பார்த்திருக்கிறோம். வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து திரும்பும் நம் வண்டிகளும் இதில் சளைத்தவையல்ல. ஸ்டியரிங் கைக்கு வந்ததும் மனிதருக்கு என்னவோ ஆகிவிடுகிறது.

வத்திக்கான் திருப்பீடமும் இதைச் சிந்தித்திருக்கிறது. 2007 ஜூன் மாதத்தில், குடியேறியோருக்கும் பயணிகளுக்குமான மேய்ப்புப் பணி அவை, சாலையில் ஆற்ற வேண்டிய மேய்ப்புப் பணி குறித்து வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. அதில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. கொலை செய்யாதே என்பதே முதலாவது. கார் என்பது அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகலாகாதென்றும், சாலையில் வலிமை குறைந்தவரைக் காக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஓட்டத் தகுந்த நிலையில் இல்லாதவரை, இளைஞராயினும் முதியவராயினும், ஓட்ட வேண்டாமென்று அன்புடன் இணங்கச் செய்யவும் அது பணிக்கிறது. இந்தக் கடைசிச் செய்தி ஓட்டுகிறவருக்கு அன்று, பக்கத்தில் இருப்பவருக்கு. அதைப் படித்தபோது நமக்குக் கைக்கடிகாரம் நினைவுக்கு வந்தது.

நான்குவழிச் சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலூரிலோ கிருஷ்ணகிரியிலோ திண்டிவனத்திலோ நாம் அதில் ஏறுகிறோம். அங்கே வலத்தடம் முந்துவதற்கு உரியது. முந்தியதும் இடத்தடத்துக்குத் திரும்ப வேண்டும். நாமோ வலத்தடத்தில் ஏறினால் ஊர் வரும்வரை இறங்குவதில்லை. சரக்கு லாரிகளும் அங்கேயே ஊர்கின்றன. இடத்தடத்தில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் வருகிறது, பழுதான வண்டி நிற்கிறது, பேருந்து ஆள் ஏற்றுகிறது என்று லாரி ஓட்டுநர்கள் கூறும் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதன் பயனாக வேகமாகச் செல்பவர் இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறிப் பின்னல் போடுகின்றனர். சிங்கப்பூரில் விரைவுச் சாலையின் வலத்தடத்தை மெதுவாகச் சென்று அடைத்துக்கொள்வதே குற்றமாகும். வலப்புறமாகச் செல்லும் வழக்கமுள்ள ஜெர்மனியில் இடத்தடம் முந்துவதற்கு உரியது. வலப்புறமாகப் புகுந்து முந்துவது பொதுவாகத் தடை செய்யப்பட்டது. அந்நாடுகளிலுள்ள நம் தமிழ்ப் பிள்ளைகள் அவ்விதிகளுக்கு ஒழுங்காகக் கட்டுப்படுகின்றனர் என்பதை அவர்களைக் காணச் சென்ற பெற்றோர் வியந்து கூறக் கேட்டிருக்கிறோம்.

திருமணம் முடிந்து அன்று மாலை அதே சாலையில் திரும்பினோம். எங்கள் ஓட்டுநர் காலையிலிருந்து அதிகம் பேசவில்லை. கீழ்பென்னாத்தூருக்கு முன்பாக மீண்டும் ஒரு டிராக்டர். இரண்டு டிரெய்லர்களும் வெறுமையாக இருந்தன. காலையில் பார்த்த பையன்தானோ, வேறு எவரோ, பின்னாலிருந்து தெரியவில்லை. எங்கள் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. இருபது மீட்டர் விட்டுப் பின்னாலேயே சென்றார். வேனில் எவரும் மணி பார்க்கவில்லை. வளைவு கடந்து சாலை நீளமாக நேரானதும், டிராக்டர்காரர் திரும்பிப் பாராமலே வலக்கையை நீட்டி முன்னும் பின்னும் வீசினார். எங்கள் ஓட்டுநர் தாமும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வலப்புறம் ஏறினார். கடக்கும்போது பெரியம்மா ஜன்னல் வழியாக அந்தப் பையனை நோக்கிக் கையை உயர்த்தினார். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.